கீழ் வரியை முதலில் படியுங்கள்: பழைய அமெரிக்க யாட் படங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் வீட்டுக் கூடத்தில் ஒரு படகுப் படம் மாட்டியிருக்கிறது. ஒற்றைப் பாய்மரம், வெள்ளை வெளேரென்று பாய்கள், பின்னால் புகை கக்கும் நீராவிக் கப்பல்கள். அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பழம்பொருள் கடையில் வாங்கினேன். படத்துக்குக் கீழே 1885 என்று அச்சாகியிருந்தது. கடைக்காரர் ‘பழசு’ என்றார். எவ்வளவு பழசு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது இருபதாம் நூற்றாண்டில் அடித்த மறுபதிப்பு. பத்து நிமிடச் சோதனையை வாங்கும் முன்பே செய்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

அந்தச் சோதனையையும், அதற்கப்புறம் இந்தப் படங்களின் மேல் பிடித்த கிறுக்கில் நான் கற்றுக்கொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். வாங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் பயன்படும். இணையத்தில் இலவசமாகப் பார்க்கவும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.

பின்னணி சுருக்கமாக. யாட் என்றால் பொழுதுபோக்குக்கும் பந்தயத்துக்கும் ஓட்டும் படகு. 1844-இல் நியூயார்க் யாட் கிளப் தொடங்கியது. 1851-இல் அதன் உறுப்பினர்கள் கட்டிய ‘அமெரிக்கா’ என்ற படகு இங்கிலாந்துக்குப் போய், ஐல் ஆஃப் வைட் தீவைச் சுற்றிய பந்தயத்தில் ஆங்கிலேயப் படகுகளைத் தோற்கடித்துக் கோப்பையோடு திரும்பியது. 1857-இல் அந்தக் கோப்பையைக் கிளப்பிடம் ஒப்படைத்து, எந்த நாட்டு கிளப்பும் சவால் விடலாம் என்று வைத்தார்கள். இன்றைக்கும் நடக்கிற அமெரிக்கா கோப்பை அதுதான். பந்தயம் பணக்காரர்களுடையது, படமோ எல்லோருக்கும் வேண்டியிருந்தது. கேமராவால் ஓடும் படகை ஒழுங்காகப் பிடிக்க முடியாத காலம். அச்சகங்கள் புகுந்து விளையாடின.

முதலில் ஒரு லென்ஸ்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அது. விலை அதிகமில்லை.

அதை வைத்துக்கொண்டு பழைய படத்தைத் தேடி ஓட வேண்டாம். சுவரில் தொங்கும் சிவகாசி காலண்டரைப் பாருங்கள். சாமியின் கன்னத்தில் லென்ஸை வைத்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூக்கோலம் போல ஒழுங்காக அடுக்கியிருப்பது தெரியும். இது ஆஃப்செட் அச்சு. இந்த ஒழுங்கைக் கண்ணில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். 1860 என்றோ 1885 என்றோ போட்ட வண்ணப் படத்தில் இதே பூக்கோலம் தெரிந்தால், அது பிற்கால மறுபதிப்பு. பேச்சே இல்லை. என் படத்தில் பாய் முழுக்க அந்தக் கோலம்தான்.

எந்த வகை அச்சு என்று பிரியுங்கள்

நீங்கள் பார்க்கப்போகும் படங்களில் பெரும்பாலானவை மூன்று வகையில் அடங்கும்.

ஒன்று, வாரப் பத்திரிகைகளில் வந்த மரச்செதுக்குப் படங்கள். 1855-இல் தொடங்கிய ஃபிராங்க் லெஸ்லியின் பத்திரிகையும் 1857-இல் தொடங்கிய ஹார்ப்பர்ஸ் வீக்லியும் இதில் பெரிய பெயர்கள். பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தைக் குறுக்கே வெட்டி, அந்த முகத்தில் செதுக்குவார்கள். அந்த மரம் பருமனாக வளராது. அதனால் சின்னச் சின்னக் கட்டைகளைப் போல்ட் போட்டு இணைத்துப் பெரிய பலகையாக்கினார்கள். பந்தயம் முடிந்து படம் வந்ததும் பலகையைக் கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் வானம், ஒருவர் அலை, ஒருவர் பாய். ராத்திரியோடு ராத்திரியாகச் செதுக்கி மறுபடி பூட்டினால் முழுப் படம் தயார். கட்டையின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்றுதான் என்பதால் படத்தையும் செய்தியையும் ஒரே இயந்திரத்தில் ஒரே ஓட்டத்தில் அடிக்கலாம். அடுத்து நான் சொல்லப்போகும் கல்லச்சில் இது முடியாது. வாரப் பத்திரிகைகள் மரத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இந்த வசதிதான்.

லென்ஸில் பார்த்தால் கறுப்புக்குள் வெட்டிய வெள்ளைக் கோடுகள் தெரியும். சில படங்களில் வானத்தின் நடுவே மெல்லிய நேர்கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடும். அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். இரண்டு கட்டைகள் சேர்ந்த இடம் அது. எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தால் படத்தைவிடச் சந்தோஷம். தாளைத் திருப்பினால் பின்பக்கம் பத்திரிகைச் செய்தி இருக்க வேண்டும். இரட்டைப் பக்கப் படமென்றால் நடுவில் மடிப்பு இருக்கும். இன்னொன்று: இவை கறுப்பு வெள்ளையில் வந்தவை. ஹார்ப்பர்ஸ் படம் வண்ணத்தில் விற்பனைக்கு வந்தால், அந்த வண்ணம் பெரும்பாலும் பின்னாளில் விற்பனைக்காக யாரோ பூசியதுதான்.

இரண்டாவது, கையால் வண்ணம் தீட்டிய கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லின் மேல் பிசுக்குள்ள க்ரேயானால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதால், மை கோட்டில் மட்டும் பிடிக்கும். அதைத் தாளில் அழுத்தி எடுப்பார்கள். லென்ஸில் கோடு சொரசொரப்பாக, சிலேட்டில் பல்பத்தால் தேய்த்ததுபோல இருக்கும். ஒழுங்கான புள்ளி இருக்காது. வண்ணம் மட்டும் தனியாக, நீர்வண்ணமாக மேலே படர்ந்திருக்கும். அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும்.

இந்த வகையில் அரசன் நியூயார்க்கின் கரியர் அண்ட் ஐவ்ஸ். நத்தேனியல் கரியர் அச்சுக்காரர். ஜேம்ஸ் மெரிட் ஐவ்ஸ் கணக்கெழுத வந்து 1857-இல் பங்குதாரர் ஆனவர். 1907-இல் கடையை மூடுவதற்குள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டுவிட்டார்கள். தீ விபத்து, குதிரைப் பந்தயம், நாட்டுப்புறக் காட்சி, எல்லாம் உண்டு. அதில் படகுகள் ஒரு பெரிய கிளை. வண்ணம் தீட்டியது பெரும்பாலும் இளம்பெண்கள். நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் மாதிரிப் படத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு நிறம் பூசி அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். சிறிய படம் 20 சென்ட் வாக்கில் விற்றது, பெரியது 3 டாலர் வரை போனது.

கை வேலை என்பதால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் அச்சாக ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் கடல் பச்சை, இன்னொன்றில் நீலம் என்று இருக்கலாம். எது சரி என்று சண்டை போட வேண்டாம், இரண்டும் சரிதான்.

மூன்றாவது, குரோமோ எனப்படும் வண்ணக் கல்லச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் இம்மி பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும். லென்ஸில் பல நிறப் புள்ளிகளும் தீற்றல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ஆனால் காலண்டரின் பூக்கோலம் இருக்காது, கையால் குத்திய புள்ளிகள்போலச் சிதறிக் கிடக்கும். நம் தாத்தா பாட்டி வீட்டுப் பூஜை அறைகளில் தொங்கிய ரவிவர்மா லட்சுமியும் சரஸ்வதியும் இந்தக் குடும்பம்தான். 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் இதே முறையில்தான் அடித்தது. வீட்டில் பழைய பிரதி இருந்தால் அதிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

யாட் படங்களில் குரோமோவின் உச்சம் ஃபிரெடரிக் கஸன்ஸ் வரைந்த வரிசை. 1884-இல் நியூயார்க்கில் சார்ல்ஸ் ஸ்கிரிப்னர்ஸ் சன்ஸ் வெளியிட்டது. அமெரிக்க யாட்டுகளையும் கிளப்புகளையும் பந்தயங்களையும் பற்றி கடற்படை அதிகாரி கெல்லி எழுத, கஸன்ஸின் நீர்வண்ணப் படங்களை பாஸ்டனின் ஆம்ஸ்ட்ராங் அச்சகம் கல்லில் ஏற்றியது. இருபதுக்கும் மேற்பட்ட பெரிய தாள்கள். அதில் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள நாண்டக்கெட் மணல்திட்டுகளின் மேல் நிலா எறிக்கும் படத்தைப் பாருங்கள். அச்சு என்று நம்ப மனம் வராது. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஓரத்தில் கஸன்ஸ் கையெழுத்து இருக்கிறதே, அவரே போட்டதா? இல்லை. கையெழுத்தும் கல்லிலேயே வரைந்து படத்தோடு சேர்ந்து அச்சானது. லென்ஸ் வைத்தால் அதுவும் மற்ற இடங்கள் போலவே தெரியும்.

இப்போது கீழ் வரி

படத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் அதன் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பந்தயத்தைப் பற்றி மேலே இருக்கும் படம் எதை வேண்டுமானாலும் சொல்லும். தாளைப் பற்றிய உண்மை கீழேதான் இருக்கிறது.

பெயருக்குப் பின்னால் ‘டெல்.’ என்று இருந்தால் அவர் வரைந்தவர். ‘லித்.’ என்றால் கல்லச்சாக்கியவர் அல்லது அச்சகம். ‘ஸ்கல்ப்.’ என்றால் செதுக்கியவர். ஒரே தாளில் இரண்டு மூன்று பெயர்கள் இருப்பது சாதாரணம். சார்ல்ஸ் பார்சன்ஸ் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். கப்பல்களையும் யாட்டுகளையும் கல்லில் வரைவதில் கெட்டிக்காரர். பிறகு ஹார்ப்பர் நிறுவனத்தின் ஓவியப் பிரிவுக்குத் தலைவராகப் போனார். ஜேம்ஸ் பட்டர்ஸ்வொர்த் இன்னொரு பெயர். அவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவற்றைப் பார்த்து மற்றவர்கள் கல்லில் ஏற்றினார்கள்.

அடுத்து பதிப்புரிமை வாசகம். நீளமாக ‘காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டத்தின்படி இன்ன வருடம், மாவட்ட நீதிமன்றத்தின் குமாஸ்தா அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், 1870-க்கு முன் பதிவானது. 1870-இல் சட்டம் மாறி, பதிவு வேலை முழுவதும் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்குப் போனது. அதன்பின் வாசகத்தில் நீதிமன்றத்துக்குப் பதில் நூலகர் வருவார். 1874-இல் இன்னொரு திருத்தம். அதிலிருந்து ‘காப்பிரைட், வருடம், பெயர்’ என்று சுருக்கமாகப் போட்டாலே போதும் என்றானது. 1851 என்று தேதி, ஆனால் வாசகம் சுருக்க வடிவத்தில் என்றால், ஏதோ இடிக்கிறது என்று உஷாராகிவிடலாம்.

அந்த வருடம் பதிவு செய்த வருடம் மட்டுமே. கல்லை வைத்துக்கொண்டு, கேட்பவர்கள் இருக்கும்வரை மறுபடி மறுபடி அடித்தார்கள். அதனால் பதிப்பாளர் பெயரையும் முகவரியையும் சேர்த்துப் பாருங்கள். ‘என். கரியர்’ என்று தனியாக இருந்தால் ஐவ்ஸ் பங்குதாரர் ஆவதற்கு முந்தைய பெயர். ‘அமெரிக்கா’ படகின் பிரபலமான சிறிய படம் அப்படி வந்ததுதான். கரியர் அண்ட் ஐவ்ஸ், 115 நசாவ் தெரு என்றிருந்தால் 1877-க்குப் பின். கடை இடம் மாறிக்கொண்டே இருந்தது நமக்குத்தான் நல்லதாகப் போயிற்று.

நிகழ்ச்சி நடந்த வருடத்தையும் படம் வந்த வருடத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கஸன்ஸ் வரிசையில் 1870 பந்தயம் ஸ்டேட்டன் தீவருகே முடிவது போல ஒரு தாள் உண்டு. தாள் 1884-இல் வந்தது. அந்த வரிசை வந்தபோது அந்தப் பந்தயம் பதினான்கு வருடப் பழங்கதை.

படகைப் படியுங்கள்

கடல் தெரியாதவர்களும் செய்யக்கூடியது பாய்மரத்தை எண்ணுவது. இரண்டு பாய்மரம், முன்னும் பின்னும் நீளவாட்டில் பாய்கள் என்றால் ஸ்கூனர். ஒன்று என்றால் ஸ்லூப் அல்லது கட்டர். இந்த எளிய கணக்கு தேதி பார்க்கவும் உதவும். அமெரிக்கா கோப்பையை 1870, 1871, 1876 ஆண்டுகளில் காத்தவை ஸ்கூனர்கள். 1881-இல் ‘மிஸ்சீஃப்’ என்ற ஸ்லூப் வந்ததிலிருந்து ஒற்றைப் பாய்மரக் காலம். ஆகவே கோப்பைப் பந்தயப் படத்தில் இரண்டு பாய்மரப் படகுகள் மோதினால் அது 1876 வரைக்குமான கதை. மற்ற பந்தயங்களில் ஸ்கூனர்கள் அப்புறமும் ஓடின, அதை மறக்க வேண்டாம்.

அடுத்து உடல்வாகு. 1885-இல் இங்கிலாந்தின் ‘ஜெனெஸ்டா’வும் பாஸ்டனின் ‘ப்யூரிட்டன்’னும் மோதின. ஆங்கிலேயக் கட்டர் ஒடிசலானது, அகலம் 15 அடிதான், ஆனால் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கும். அமெரிக்கப் படகு 22 அடிக்கு மேல் அகலம், ஆழம் குறைவு, நடுவில் ஏற்றி இறக்கும் பலகை. எந்த உடம்பு நல்லது என்று இரண்டு நாட்டுப் பத்திரிகைகளிலும் பட்டிமன்றம் நடந்தது. முதல் பந்தயத்தில் ப்யூரிட்டன் தவறாகக் குறுக்கே வந்து ஜெனெஸ்டாவின் முன்கம்பத்தை முறித்துவிட்டது. நடுவர்கள் ப்யூரிட்டனை நீக்கி, ஜெனெஸ்டா தனியாக ஓடி முடித்தாலே வெற்றி என்றார்கள். உரிமையாளர் சர் ரிச்சர்ட் சட்டன் அப்படி வேண்டாம் என்று மறுத்து, பிறகு முறையாகப் போட்டியிட்டுத் தோற்றார். அச்சகங்கள் இரண்டு படகையும் தனித்தனிப் படமாக விற்றன. தோற்ற படகுக்கும் சுவரில் இடம் கிடைத்தது.

கொடிகளை விடாதீர்கள். நீல முக்கோணத்தில் சிவப்புச் சிலுவை, நடுவில் வெள்ளை நட்சத்திரம் என்றால் நியூயார்க் யாட் கிளப். அமெரிக்கக் கொடி போலவே கோடுகள், ஆனால் மூலையில் பதின்மூன்று நட்சத்திர வட்டத்துக்குள் நங்கூரம் என்றால் ஓவியர் தப்பாகப் போட்டுவிட்டார் என்று சிரிக்க வேண்டாம். யாட்டுகளுக்கென்றே உள்ள கொடி அது. நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். கொடி பறக்கும் திசையையும் பாய் உப்பும் திசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவசரத்தில் வந்த படங்களில் காற்று இரண்டு பக்கமும் அடிக்கும்.

யார் பார்த்தது?

இது எனக்குப் பிடித்த கேள்வி. 1866 டிசம்பர் 11-ஆம் தேதி ‘ஹென்ரியெட்டா’, ‘ஃப்ளீட்விங்’, ‘வெஸ்டா’ என்ற மூன்று ஸ்கூனர்கள் நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்துக்குப் பந்தயம் ஓடின. ஆளுக்கு 30,000 டாலர் பந்தயப் பணம். நடுக்குளிரில், நடுக்கடலில் ஃப்ளீட்விங்கிலிருந்து ஆறு பேரை அலை அடித்துக்கொண்டு போனது. ஹென்ரியெட்டா கிறிஸ்துமஸ் அன்று முதலாவதாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் கரியர் அண்ட் ஐவ்ஸ் பெரிய படம் போட்டது. அவர்கள் எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள்: புயலும் இல்லை, வெற்றியும் இல்லை. நியூயார்க் துறைமுக வாயிலில் நின்ற சாண்டி ஹூக் விளக்குக் கப்பலுக்குக் கொஞ்சம் கிழக்கே, கிளப்பின் நீராவிப் படகான ‘ரிவர் குவீன்’னுக்கு மூன்றும் விடை கொடுக்கும் காட்சி. கீழே தலைப்பிலேயே இடமும் தேதியும் இருக்கின்றன. கரையிலிருந்து போன கண்கள் கடைசியாகப் பார்க்க முடிந்த இடம் அது. அதற்கு அப்பால் நடுக்கடலைக் காட்டும் படங்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டு வரைந்தவை.

இன்னொரு பக்கமும் உண்டு. மாசசூசெட்ஸின் ஃபிட்ஸ் ஹென்றி லேன் 1851 வெற்றியை அருமையாக ஓவியமாக்கினார். ஆனால் அவர் இங்கிலாந்துக்குப் போகவே இல்லை. அங்கிருந்து வந்த கல்லச்சுப் படத்தை வைத்துத் தீட்டினார். லேனும் கரியரும் இளவயதில் பாஸ்டனில் பெண்டில்டன் கல்லச்சகத்தில் தொழில் பழகியவர்கள் என்பது ஒரு சுவையான தகவல்.

எங்கே பார்ப்பது

காசில்லாமல் தொடங்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளமே போதும். கரியர் அண்ட் ஐவ்ஸ் பெயரோடு யாட் என்ற சொல்லைச் சேர்த்து ஆங்கிலத்தில் தேடுங்கள். இருப்பதில் பெரிய கோப்பாக இறக்கிக்கொண்டு பெரிதாக்கினால் க்ரேயானின் சொரசொரப்பு வரை தெரியும். நூறு வருடம் கடந்த இந்தப் படங்களுக்கு உரிமைத் தொல்லை இல்லை. கஸன்ஸைத் தேட நியூயார்க் பொது நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்பையும் பாருங்கள். அமெரிக்கா போகிறவர்கள் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தையும் கனெக்டிகட்டில் உள்ள மிஸ்டிக் சீபோர்ட் கடல்சார் அருங்காட்சியகத்தையும் குறித்துக்கொள்ளலாம். முன்னதில் ஹாரி பீட்டர்ஸ் சேர்த்த கரியர் அண்ட் ஐவ்ஸ் குவியலே இருக்கிறது.

வாங்கத்தான் வேண்டுமென்றால்

முதலில் ஹார்ப்பர்ஸ் மரச்செதுக்கில் தொடங்குங்கள். லட்சக்கணக்கில் அடித்த பத்திரிகை என்பதால் மலிவாகக் கிடைக்கும். கரியர் அண்ட் ஐவ்ஸ் என்றால் மறுபதிப்புக் காடு. 1930-களிலிருந்து டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனம் அந்தப் படங்களை வருடாவருடம் காலண்டராக அடித்தது. அதை வெட்டிச் சட்டம் போட்டால் பழசு போலவே இருக்கும். நேர்மையாக அடித்த காலண்டர்தான், பின்னால் வெட்டி விற்பவர்களால்தான் குழப்பம். என்னுடையதும் அந்த வகையறாவாக இருக்கலாம்.

இணையத்தில் வாங்குவதானால் விற்பவரிடம் மூன்று புகைப்படங்கள் கேளுங்கள்: சட்டத்திலிருந்து எடுத்த முழுத்தாள், பின்பக்கம், வானத்தின் ஒரு மூலையை மிக நெருக்கத்தில் எடுத்தது. ஓரத்தை வெட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். சட்டத்துக்குள் அடக்குவதற்காகக் கீழ் வரியோடு சேர்த்து வெட்டியவை நிறைய உண்டு. தேதி பார்க்கும் இடமே போய்விட்டதால் விலையும் விழும்.

வந்த பிறகு கண்ணாடியில் நேராக ஒட்டாமல், அமிலமில்லாத அட்டை இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். வெயில் படும் சுவர் வேண்டாம். சென்னை மாதிரிக் கடலோர ஊரென்றால் வெளிச்சுவரும் வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் ஊறித் தாளில் பழுப்புப் பொட்டுகள் வரும். செல்லோடேப் கூடவே கூடாது. அழுக்காக இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைக்கப் போகாதீர்கள். கை வண்ணப் படமென்றால் அது வெறும் நீர்வண்ணம். ஒரே துடைப்பில் கடல் துணியோடு வந்துவிடும்.